கேப்சூல் உறையைப் பற்றி உண்மை சொன்னவர்

திண்டிவனத்தில் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் மருந்துக்கடை வைத்திருந்த வேங்கடேசனுக்கு வேண்டியிருந்தது ஒரு சான்றிதழ்தான். மருந்தியல் படித்த ஒருவர் கடையில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். எண்பதுகளில் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படும் முறை எளிமையானது. படித்தவரின் சான்றிதழ் கண்ணாடி போட்டுக் கடைச் சுவரில் தொங்கும். படித்தவர் தம் வீட்டில் நிம்மதியாக இருப்பார். வேங்கடேசனும் அப்படித்தான் பேசி முடித்திருந்தார். ஆனால் விழுப்புரத்துப் பாண்டுரங்கன் சான்றிதழைக் கொடுத்த மறுநாள் காலை பாசஞ்சர் வண்டியில் தாமும் வந்து இறங்கிவிட்டார்.

"ஆள் கடையில இருக்கணும்னுதான சட்டம் சொல்லுது" என்றார்.

அதற்குப் பிறகு வேங்கடேசன் பல வருடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் காயிதத்தைத்தான்யா கேட்டேன். ஆளும் சேர்ந்து வந்துட்டாரு."

பாண்டுரங்கனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. ஒல்லியான உடம்பு, அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒன்று எழுதும், மற்றது எழுதாது. பேனா இரவல் கேட்பவர்களுக்கு எழுதாததைக் கொடுப்பார். வருடத்தில் எட்டு மாதம் அவருக்குச் சளி பிடித்திருக்கும். நாலு சுவரும் மருந்தாக இருந்த கடையில் உட்கார்ந்துகொண்டு அவர் அதற்கு வெந்நீரைத் தவிர வேறு எதையும் எடுத்துக்கொண்டதில்லை. மருந்து விற்பதற்கென்று வந்தவர் செய்த முக்கியமான வேலை, மருந்து விற்க மறுப்பதுதான்.

கடைக்கு வந்த மூன்றாம் நாள் ஆன்டிபயாடிக் அலமாரியைக் கலைத்தார். மற்ற கடைகளில் மருந்தைக் கம்பெனி வாரியாக அடுக்குவார்கள், இல்லையென்றால் எழுத்து வரிசைப்படி. பாண்டுரங்கன், எந்த மருந்து கிருமியை எப்படி ஒழிக்கிறது என்று பார்த்து அடுக்கினார்.

மேல் தட்டில் பென்சிலின் குடும்பம். கிருமி தன்னைச் சுற்றி ஒரு மதில் எழுப்பிக்கொண்டு வாழ்கிறது. அது வளர வளர மதிலையும் இழுத்துக் கட்டியாக வேண்டும். பென்சிலின் போய்க் கொத்தனார் கையைப் பிடித்துக்கொள்ளும். அரைகுறை மதிலோடு கிருமி உப்பி வெடித்துவிடும். மனித உடம்பில் அந்த மாதிரி மதிலே கிடையாது என்பதால் நமக்குச் சேதம் இல்லை. ஒத்துக்கொள்ளாத ஒரு சிலருக்கு மட்டும் அதே மருந்து எமனாகும். அதனால்தான் ஊசி போடும் முன் கையில் ஒரு துளி செலுத்திக் காத்திருப்பது. சீழ் வைத்த தொண்டைப் புண்ணுக்கும், தொண்டையிலிருந்து கிளம்பி மூட்டுக்கும் இதயத்துக்கும் போகும் பிள்ளைகளின் காய்ச்சலுக்கும் இந்தத் தட்டு.

இரண்டாம் தட்டில் டெட்ராசைக்ளின், எரித்ரோமைசின், குளோராம்பெனிகால். இவை மதிலைத் தொடுவதில்லை. உள்ளே புகுந்து கிருமியின் சமையற்கட்டை மூடிவிடும். கிருமி உடனே சாவதில்லை, வளராமல் முடங்கிக் கிடக்கும். மிச்சத்தை நம் உடம்பே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே இவற்றைப் பாதியில் நிறுத்தினால் சமையற்கட்டு மறுபடி திறந்துவிடும். டெட்ராசைக்ளின் காலராவுக்கு நல்லது, ஆனால் முதலில் உப்புச் சர்க்கரைக் கரைசல். டெட்ராசைக்ளினைப் பாலோடு விழுங்கினால் பாலோடு ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடும். கர்ப்பிணிக்கும் எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கும் கொடுத்தால் பிள்ளையின் பல்லில் ஆயுளுக்கும் மஞ்சள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு எரித்ரோமைசின். டைபாய்டுக்குக் குளோராம்பெனிகால், அதுவும் டாக்டர் எழுதினால் மட்டும். ஏனென்றால் பல ஆயிரத்தில் ஒருவருக்கு அது எலும்பு மஜ்ஜையிலேயே கைவைக்கும்.

மூன்றாம் தட்டு ஸ்ட்ரெப்டோமைசினும் ஜென்டாமைசினும். இவையும் சமையற்கட்டுக்குத்தான் போகின்றன, ஆனால் மூடாமல் சமையலைக் கெடுக்கின்றன. கிருமி தன் கையால் சமைத்த விஷத்தைத் தின்று சாகும். கடுமையான நோய்க்கான மருந்து, கூலியும் கடுமை. காதையும் சிறுநீரகத்தையும் கேட்கும். கீழ்த் தட்டில் சல்பா மாத்திரைகள். நாம் கீரையிலும் பருப்பிலும் தின்று பெறும் ஒரு சத்தைக் கிருமி தானே தயாரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சல்பா அதன் மூலப்பொருள் போல வேடம் போட்டுக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். சத்து கிடைக்காமல் கிருமி வாடிவிடும்.

"கறுப்பு செவப்பு எங்கய்யா வச்ச?" என்று வேங்கடேசன் கேட்பார்.

"மதில்ல."

"மஞ்ச செவப்பு?"

"சமையக்கட்டுல."

"நீ கடை வச்சிருக்கியா, ஊடு கட்டிக்கினு இருக்கியா?"

வேங்கடேசன் கேப்சூலின் நிறத்தைச் சொல்லிக் கேட்டதில் தவறில்லை. ஊரே அப்படித்தான் கேட்டது. கட்சிக்கொடியின் நிறம் என்பதற்காகவே ஒரு கேப்சூலை விரும்பி வாங்கியவர்கள் இருந்தார்கள். எதிர்க்கட்சி நிறம் என்று வேண்டாமென்ற ஒருவரும் இருந்தார். எல்லோருக்கும் ஒரே அளவு: ரெண்டு. மூக்கு ஒழுகினாலும் ரெண்டு, முள் குத்தினாலும் ரெண்டு.

"ரெண்டு கறுப்பு செவப்பு குடு சார், சளி புடிச்சிக்கினு பேஜாரா கீது."

"சளி வைரஸால வர்றது. அதுக்கு மதிலும் இல்ல, சமையக்கட்டும் இல்ல. அது நம்ம சமையக்கட்டுல உக்காந்து சாப்பிடற ஆளு. இந்த மாத்திரை அதை ஒண்ணும் செய்யாது."

"அப்ப ஒண்ணாவது குடு."

"ரெண்டு குடுத்தா கிருமி சாவாது. மாத்திரை எப்படி இருக்கும்னு பாத்து வச்சிக்கும். நாளைக்கு உனக்கே நெசமா வேணும்னா கேக்காது."

வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போய் ரெண்டு வாங்கிக்கொள்வார். பாண்டுரங்கனால் கிருமிக்கு என்ன நஷ்டம் என்று தெரியாது. பக்கத்துக் கடை செழித்தது மட்டும் கண்ணால் கண்டது.

அவருக்கு இருந்த பெரிய மனக்குறை கேப்சூல் உறையைப் பற்றியது. சுற்றுப்பட்டு ஊர்களில் அதை யாரும் முழுசாக விழுங்குவதில்லை. அது பிளாஸ்டிக், குடலில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. இரண்டாகத் திருகிப் பிரித்து, உள்ளே இருக்கும் பொடியைக் கேப்பைக் கூழில் கொட்டிக் குடிப்பார்கள், அல்லது புண் மேல் தூவுவார்கள். தூவிய பொடியால் புண்ணுக்கு அழகு கூடியதே தவிர வேறு பயன் இல்லை. ஆகவே பாண்டுரங்கன் உறையின் நியாயத்தை எடுத்துச் சொல்வதைத் தம் கடமையாக வைத்துக்கொண்டார்.

எண்பத்து நாலாம் வருடம் சித்திரையில் பச்சைமுத்து என்பவர் முதுகில் கட்டியோடு கடைக்கு வந்தார். பிரம்மதேசத்துக்கு அப்பால் ஒரு சிறு ஊர், மல்லாட்டை என்கிற நிலக்கடலை விவசாயம். டாக்டர் எழுதிய சீட்டு கையில் இருந்தது.

"இத்தப் பிரிச்சித்தான சார் துன்னணும்?"

"பிரிக்கவே கூடாது. அப்படியே முழுங்கு."

"பிளாஸ்டிக்காச்சே சார்."

பாண்டுரங்கனுக்கு இதைவிட இனிமையான கேள்வி கிடையாது. கேப்சூலை விரலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டார். "யார் சொன்னது? இது ஜெலட்டின். மாட்டு எலும்பு, தோலு இதையெல்லாம் சுண்ணாம்புல ஊற வச்சு, வேக வச்சு, வடிகட்டி எடுக்கிறது. பாயா வச்சா ஆறினதும் கெட்டியா உறைஞ்சு நிக்குதே, அதே சமாச்சாரம்தான். வயித்துக்குள்ள பத்து நிமிஷத்துல கரைஞ்சிடும். பயப்படாத."

"எலும்புங்களா?" என்றார் பச்சைமுத்து.

"சுத்தமான எலும்பு" என்றார் பாண்டுரங்கன்.

பச்சைமுத்து பயம் நீங்கி, எல்லாக் கேப்சூலையும் முழுசாக விழுங்கினார். கட்டி ஆறியது. கேட்ட செய்தியை ஊருக்கும் எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று வாரம் கழித்து அதே ஊரிலிருந்து கண்ணையன் என்ற விவசாயி டைபாய்டோடு வந்தார். பச்சைமுத்துவின் பங்காளி. பார்த்தவர் டாக்டர் அந்தோணிசாமி, பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் சின்னதாக மருத்துவமனை வைத்திருந்தார். பதினாலு நாளைக்குக் குளோராம்பெனிகால் கேப்சூல் எழுதினார், நாளுக்கு மூன்று. பாண்டுரங்கன் பதினாலு நாள் மருந்தையும் ஒரே தடவையாகக் கொடுத்து, கண்ணையனின் மனைவி வீரம்மாளிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பினார்: காய்ச்சல் விட்டாலும் மருந்தை விடக் கூடாது.

எட்டாம் நாள் காலை, வீரம்மாள் கடை வாசலில் வந்து நின்றார். கையில் மருந்துப் பொட்டலம். கவுன்டர் மேல் அதை விரல் நுனியால் தள்ளி வைத்தார்.

"இத்த எடுத்துக்குங்க சார்."

பாண்டுரங்கன் எண்ணிப் பார்த்தார். இருபத்தேழு இருந்தது. "ஏம்மா, இது ஒம்போது நாள் மருந்தாச்சே."

"ஆமா. காசு வேணாம். ஊட்ல வைக்கக் கூடாது, அதான் கொண்ணாந்தேன்."

"காச்சல்?"

"அஞ்சாம் நாளே உட்டுப்போச்சு. முந்தாநாளு காப்பு கட்டிக்கினாரு."

அவர்கள் ஊரில் திரௌபதை அம்மன் திருவிழா தொடங்கியிருந்தது. பாரதம் படித்து, கூத்து நடத்தி, கடைசி நாள் மாலை தீமிதிப்பார்கள். மிதிப்பவர்கள் முன்கூட்டியே மணிக்கட்டில் மஞ்சள் கட்டிக் காப்பு கட்டிக்கொள்வார்கள். அன்று முதல் கவுச்சி இல்லை. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. படுக்கை கோயில் பந்தலில். காய்ச்சல் கொதித்த நாளில் கண்ணையன் அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தார், பிழைத்தால் இந்த வருடமே மிதிப்பதாக. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டதும் வாக்கைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டார்.

"மிதிக்கட்டும். மருந்துக்கும் அதுக்கும் இன்னா?"

வீரம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. படித்தவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற வருத்தம்தான் இருந்தது. "மேல கீற தோலு மாட்டு எலும்புல செஞ்சதாம். காப்பு கட்டினவரு வாயில வைக்கலாமா?"

"இத யாரும்மா உங்களுக்குச் சொன்னது?"

"எங்க பங்காளி பச்சமுத்து. அவுருக்கு நீங்கதான் சொன்னீங்களாம்."

கல்லாவில் இருந்த வேங்கடேசன் செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். அதற்குப் பின்னால் தோள் குலுங்கியது.

பாண்டுரங்கன் எழுதாத பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மாட்டினார். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவர் சொன்ன நூறு உண்மைகளில் ஊர் நம்பி நடந்துகொண்டது இந்த ஒன்றைத்தான்.

"சரிம்மா. உறையைப் பிரிச்சிட்டுப் பொடியை மட்டும் குடுங்க" என்றார். எதை ஒழிக்க வேண்டும் என்று நாலு வருடம் பேசினாரோ அதையே சொன்னார்.

"நேத்து காலைல நான் அப்படித்தான் சார் கேட்டேன். பூசாரி இன்னா சொல்றாருன்னா, கறித்துண்ட எடுத்துப் போட்டுட்டு வெறும் கொழம்ப ஊத்திக்கினா கவுச்சி போயிடுமான்றாரு. அந்தப் பொடி இத்தினி மாசமா அதுக்குள்ளதான படுத்துக்கினு இருந்திச்சு?"

பாண்டுரங்கன் யோசித்தார். தர்க்கத்தில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

"இப்ப உடம்பு எப்படி இருக்கு?"

"எழுந்து நடமாடறாரு. நேத்து சாயங்காலம் லேசா சுட்டுது. வெயில்னு சொல்லிக்கினு இருக்காரு."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் பாண்டுரங்கன் நாற்காலியை விட்டு எழுந்தார். வீரம்மாளைக் கடையிலேயே உட்காரச் சொல்லிவிட்டுப் பின்தெருவுக்கு நடந்தார்.

டாக்டர் அந்தோணிசாமி குண்டானவர், எதற்கும் அவசரப்படாதவர். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "எலும்பு சங்கதியை நீர்தான் சொன்னீரா?" என்றார்.

"ஆமா சார்."

"நான் இருபது வருஷமா எழுதறேன், எனக்கு அது தோணினதே இல்ல பாரும்" என்று சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். "வெயிலாவும் இருக்கலாம். திரும்பி வர்றதாவும் இருக்கலாம். டைபாய்டு பொல்லாதது, ஒழுங்கா மருந்து சாப்பிட்டவனுக்கே சில சமயம் திரும்பி வரும். பாதியில உட்டவனைச் சும்மா உடுமா? மூணாவது வாரத்துல குடல்ல ஓட்டை போட்டாலும் போடும். அப்படி ஆச்சுன்னா அந்த ஊர்லேருந்து பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போறதுக்குள்ள முடிஞ்சிரும்."

இருவரும் அலமாரியை மனதுக்குள் தட்டுத் தட்டாகத் தேடினார்கள். சல்பா கலந்த மாத்திரை டைபாய்டுக்கு ஆகும், உறையும் கிடையாது. ஆனால் நாலு வருடம் முன்பு அதே கண்ணையனுக்குச் சல்பா கொடுத்து உதடும் கண்ணும் வெந்து கொப்பளித்தது டாக்டரின் சீட்டிலேயே எழுதியிருந்தது. ஜென்டாமைசின் பரிசோதனைத் தட்டில் டைபாய்டுக் கிருமியைக் கொன்றுவிடும், உடம்புக்குள் கொல்லாது. கிருமி நம் செல்லுக்குள்ளேயே குடி புகுந்திருக்கும், அந்த மருந்தால் அதற்குள் போக முடியாது. சாதாரண பென்சிலினை இந்தக் கிருமி மதிக்காது. அதே குடும்பத்து ஆம்பிசிலினை மதிக்கும், மெதுவாக. அதுவும் உறை போட்டுத்தான் வரும். டெட்ராசைக்ளின் இதற்கு ஆகாது. குளோராம்பெனிகாலையே ஊசியாக ஏற்றலாம். ஆனால் ஒரு நாளைக்குப் பல தடவை யார் போய் ஏற்றுவது? காப்பு கட்டியவரோ எல்லையைத் தாண்ட மாட்டார்.

"குழந்தைகளுக்கு ஒரு சிரப் இருக்கு சார். இதே மருந்துதான்" என்றார் பாண்டுரங்கன்.

டாக்டர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "மூணு வேளை, வேளைக்கு நாலு ஸ்பூன். அம்பது கிலோ ஆளு ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் குடிக்கணும்யா."

"குடிக்கட்டும்."

"ஒம்போது பாட்டில் இருக்கா உம்ம கிட்ட?"

இருந்தது இரண்டு. மஜ்ஜை பயத்தால் குழந்தைகளுக்கு அதை யாரும் அதிகம் எழுதுவதில்லை, ஆகவே யாரும் வாங்கி வைப்பதும் இல்லை. பாண்டுரங்கன் கடைக்குத் திரும்பி, வீரம்மாளிடம் இரண்டு பாட்டிலையும் காட்டி, மாலைக்குள் மிச்சத்தோடு தாமே ஊருக்கு வருவதாகச் சொன்னார். வீரம்மாள் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒட்டியிருந்த தாளில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

"இதுல எலும்பு கிலும்பு இல்லியே சார்?"

இங்கேதான் பாண்டுரங்கனுக்குச் சிக்கல் வந்தது. குளோராம்பெனிகால் வேப்பெண்ணெயைவிடக் கசக்கும். குழந்தை துப்பாமல் இருப்பதற்காகக் கம்பெனிக்காரர்கள் அதை ஒரு கொழுப்பு அமிலத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். கசப்பு தெரியாது. குடலுக்குப் போனதும் கட்டு அவிழ்ந்து மருந்து வெளிவரும். நேர்த்தியான ஏற்பாடு. அந்தக் கொழுப்பு அமிலத்தைப் பாமாயிலிலிருந்தும் எடுக்கலாம், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம். இந்தக் கம்பெனி எதிலிருந்து எடுக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

தெரியாததைத் தெரியாது என்பதும், தெரிந்ததைக் கேட்காமலே சொல்வதும் அவருடைய இரண்டு பெருமைகள்.

"எலும்பு இல்லம்மா" என்றார். அது உண்மை. கொஞ்சம் நிறுத்தி, "ரேஷன்ல பாமாயில் போடறாங்களே, அதுலேருந்து எடுத்த ஒரு சத்து கலந்திருக்கு" என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம்.

வீரம்மாள் முகம் தெளிந்தது. "பாமாயில்ல தான எங்கூட்ல பொரியலே பண்றேன்" என்று பாட்டிலை முந்தானையில் முடிந்துகொண்டார்.

பாண்டுரங்கன் வந்த வழியே விழுப்புரத்துக்கு வண்டி ஏறினார். வேலை நேரத்தில் அவர் கடையை விட்டுப் போனது அதுதான் முதல் தடவை. சட்டப்படி கடையில் இருக்க வேண்டிய ஆள் இல்லாமல் போனதால் அன்று கடையில் வியாபாரம் சுறுசுறுப்பாக நடந்தது. வழியில் வெயில் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி ஸ்டேஷன்களை ஒரே நிறமாக அடித்துக்கொண்டிருந்தது. விழுப்புரத்தில் ஜங்ஷனிலிருந்து தொடங்கி மொத்த வியாபாரக் கடை, சில்லறைக் கடை எல்லாம் ஏறி இறங்கினார். ஒரு கடையில் மூன்று கிடைத்தது, ஒரு கடையில் ஒன்று. இன்னொரு கடைக்காரர், "உங்க வீட்ல எத்தினி குழந்தைங்க பாண்டுரங்கன்?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு கொடுத்தார். பாண்டுரங்கன் பிரம்மச்சாரி. கடைசி ஒன்றுக்காகத் தமக்குப் பிடிக்காத ஒரு கடையில் ஏற வேண்டியிருந்தது. அந்தக் கடையில் சான்றிதழ் மட்டும் இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

பொழுது சாய்வதற்குள் பிரம்மதேசம் பஸ்ஸில் இறங்கி, ஒரு சைக்கிளை இரவல் வாங்கி ஊருக்குப் போய்விட்டார். கோயில் எதிரே தென்னங்கீற்றுப் பந்தல். மஞ்சள் வேட்டியில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மெலிந்துபோன கண்ணையன் ஒரு மூங்கில் காலில் சாய்ந்திருந்தார். எதிரில் இரண்டு குழந்தைப் படங்கள் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. மூடி திறக்கப்படவில்லை.

"இன்னும் குடிக்கலியா?" என்றார் பாண்டுரங்கன்.

"சின்னப் புள்ள மருந்து சார்" என்றார் கண்ணையன் தணிந்த குரலில். "நெருப்புல எறங்கப் போறவன், இத்தனி பேர் முன்னால..."

"பங்காளி, மடியில வந்து படுத்துக்கோ, பாலாடையில ஊத்தறேன்" என்றார் பக்கத்தில் இருந்த பச்சைமுத்து. பந்தல் முழுவதும் சிரித்தது. "காக்கா காட்டினாத்தான் குடிப்பியா?"

"உன் வாயாலதான்யா எனக்கு இந்த கெதி" என்றார் கண்ணையன்.

"என் வாயி இல்ல. சாரு வாயி."

பாண்டுரங்கன் கண்ணையன் எதிரில் உட்கார்ந்தார். பாட்டிலை நன்றாகக் குலுக்கினார், மருந்து அடியில் தங்கிவிடும் ரகம் அது. "கண்ணையன், நெருப்புல நீங்க நிக்கப் போறது எவ்ளோ நேரம்?"

"பத்து எண்றதுக்குள்ள தாண்டிடுவோம்."

"இது ஒம்போது நாளு. எது கஷ்டம்னு நீங்களே சொல்லுங்க."

கண்ணையன் யோசிப்பதற்குள் வீரம்மாள் குறுக்கே வந்தார். "அவுரு கிட்ட இன்னா சார் கேட்டுக்கினு. அம்மனுக்கு நேந்துக்கினது பொழச்சா மிதிக்கிறேன்னு. பொழைக்காம மிதிச்சா அது கணக்கே இல்ல." கணவரிடம் திரும்பி, "ஜல்தியா வாயத் தொற" என்றார்.

கண்ணையன் நாலு ஸ்பூன் குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார். "தித்திப்பா கீதே" என்றார், ஏமாற்றப்பட்டவர் போல.

அடுத்த எட்டு நாளில் வீரம்மாள் ஒருநாள் விட்டு ஒருநாள் கடைக்கு வந்தார், காலி பாட்டிலைக் காட்டி அளவு சரியா என்று கேட்க. சூடு திரும்பவில்லை. பாண்டுரங்கனுக்குத்தான் நிம்மதி இல்லை. இரண்டாம் நாளே பாட்டிலில் போட்டிருந்த பம்பாய் விலாசத்துக்கு ஒரு கடிதம் எழுதினார், எழுதும் பேனாவால்: தங்கள் மருந்தில் கலந்துள்ள கொழுப்பு அமிலம் தாவரத்திலிருந்து பெறப்படுகிறதா, விலங்கிலிருந்தா.

தீமிதி அன்று பாண்டுரங்கனும் டாக்டரும் போயிருந்தார்கள். டாக்டர் கையில் ஒரு பை, அதில் தீப்புண்ணுக்கான களிம்பு. கண்ணையன் கரகத்துக்குப் பின்னால் ஏழாவதாக இறங்கி, எல்லோரையும் போலத் தாண்டி, எதிர்ப்பக்கம் வெட்டியிருந்த பால் குழியில் காலை நனைத்துக்கொண்டார். பத்து எண்ணவில்லை, ஏழுதான். களிம்புக்கு வேலை வரவில்லை. மறுநாள் காலை கடைசிப் பாட்டிலையும் முடித்தார்.

எது காப்பாற்றியது என்பதில் ஊரில் கருத்து வேற்றுமை இல்லை, அம்மன்தான். பாண்டுரங்கனுக்கும் சந்தேகம் இல்லை, சமையற்கட்டை மூடியதுதான். டாக்டர் அந்தோணிசாமி மட்டும், "நாலாவது வாரத்துல டைபாய்டு தானாவே தணிஞ்சு போறதும் உண்டு" என்று சொல்லி இரண்டு கட்சியையும் கெடுத்தார். பிறகு, பாண்டுரங்கன் முகத்தைப் பார்த்து, "அதை நம்பி யாரையும் உட்டு வைக்க முடியாது. உம்ம ஒம்போது பாட்டிலைத்தான் நான் நம்பினேன்" என்றார். அதே மருந்து அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பல ஊர்களில் டைபாய்டிடம் தோற்கத் தொடங்கியது. ஆனால் அந்த வருடம் கண்ணையனின் குடலில் அது தோற்கவில்லை.

பம்பாயிலிருந்து பதில் ஆடி மாதம் வந்தது. மூன்று வரி. மூலப்பொருள் சந்தையில் கிடைப்பதைப் பொறுத்துத் தாவரத்திலிருந்தும் பெறப்படலாம், விலங்கிலிருந்தும் பெறப்படலாம், குறிப்பிட்ட பாட்டில்களைப் பற்றி உறுதியாகச் சொல்ல இயலாது, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. பாண்டுரங்கன் இரண்டு முறை படித்தார். வழக்கமாக மருந்துப் பெட்டிக்குள் வரும் துண்டுத்தாளைக்கூடக் கடைக்கு வந்தவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறவர், கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கே, யாரோ சொல்லி அனுப்பியது போல, பச்சைமுத்து வந்து நின்றார். கட்டி எதுவும் இல்லை. சும்மா வந்திருந்தார்.

"சார், எங்க பங்காளிக்குக் குடுத்தீங்களே ஒரு தித்திப்பு மருந்து, அது எதுலேருந்து சார் எடுக்கறாங்க?"

வேங்கடேசன் செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

பாண்டுரங்கனின் கை சட்டைப்பை வரைக்கும் போயிற்று. கடிதத்தைத் தாண்டிப் பேனாவை எடுத்தது. எழுதாத பேனா. "குடிச்சாக் காச்சல் போற மருந்துய்யா அது. போயிடுச்சா இல்லியா?"

"போயிடுச்சு."

"அவ்ளோதான்."

பச்சைமுத்து இன்னும் ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். வராததால் போய்விட்டார்.

"நாலு வருஷம் கழிச்சு இப்பதான்யா நீ வியாபாரம் கத்துக்கினே" என்றார் வேங்கடேசன், மனம் நிறைந்து.

அப்போது ஒருவர் துண்டால் மூக்கைத் துடைத்தபடி படியேறி, ரெண்டு கறுப்பு சிவப்பு கேட்டார். பாண்டுரங்கன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, சளி எதனால் வருகிறது என்று தொடங்கினார்.